உற்பத்தியாளர்: வங்காள விரிகுடா

என் கடையில் இருப்பது அத்தனையும் விஷம். அத்தனைக்கும் உரிமம் உண்டு.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். துபாய் கிடங்கு ஒன்றில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகு போன பிறகு, உட்கார்ந்து செய்கிற பிழைப்பு வேண்டுமென்று இதற்கு வந்தேன். சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டில்கள் மேல் தட்டு, மஞ்சள் நடுத்தட்டு, நீலமும் பச்சையும் கீழே. மேல் தட்டுச் சரக்கு ஒரு மூடி உள்ளே போனால் ஆள் போய்விடுவான். அதைப் பற்றி எந்த அதிகாரியும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. லேபிள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒட்டியிருக்கும். டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மாட்டிக்கொண்டது தனகோடி அண்ணன். அவர் விற்றது உப்பு.

ஊருக்குத் தெற்கே அவருக்குக் குத்தகை உப்பளம். தை மாதம் பாத்தி கட்டி, வெயில் காலம் முழுக்க அவரும் அவர் சம்சாரம் ஆண்டாள் அண்ணியும் வாரிச் சேர்த்த உப்பை ரோட்டோரம் அம்பாரமாகக் குவித்து வைப்பார்கள். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் அதன்மேல் கீற்று வேய்ந்து மூடிவிடுவார்கள். மழைக்காலத்தில் உப்புக்குக் கிராக்கி வரும்போது பிரித்து விற்பார்கள். அந்த ஓர் அம்பாரம்தான் அவர்களுக்கு வருஷம். வேறு ஒன்றும் கிடையாது.

குவியலின் அடியில் சேறு கலந்து பழுப்பாகக் கொஞ்சம் உப்பு தங்கும். சமையலுக்கு ஆகாது. அதற்காகவே தென்னந்தோப்புக்காரர்கள் வருவார்கள். மணலோடு கலந்து குருத்தைச் சுற்றி மட்டை இடுக்கில் போட்டுவைத்தால் காண்டாமிருக வண்டு அண்டாது. இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. வருகிறவன் ரோட்டில் பைக்கை நிறுத்தி, "வண்டு உப்பு இருக்குதா?" என்று கத்துவான். பாத்தி நடுவிலிருந்து அண்ணன், "இருக்குது, வா" என்று திருப்பிக் கத்துவார். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், போன புரட்டாசியில் ஒரு தகரத்தில் பெயின்டால் எழுதி ரோட்டோரம் நட்டுவிட்டார்: 'தென்னை வண்டுக்கு உப்பு இங்கு கிடைக்கும்.'

வாயால் கத்தியவரை அது உப்பாக இருந்தது. எழுதியதும் அது பூச்சிக்கொல்லி ஆகிவிட்டது.

*

புருஷோத்தமன் சார் பூச்சிமருந்து முறைப்படுத்தல் பிரிவில் ஆய்வாளர். இளநீர் குடிக்க ஜீப்பை நிறுத்தியவர் கண்ணில் தகரம் பட்டது. சிறிது நேரத்தில் அண்ணனிடமிருந்து எனக்கு போன்.

"பாய், ஓடியா. உப்ப அரெஸ்ட் பண்றாங்க."

நான் போனபோது சார் அம்பாரத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அண்ணன் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார்.

"இத யாரு எழுதினது?"

"நான்தாங்க சார்."

"இதப் போட்டா வண்டு சாவுதா?"

"சாவாதுங்க. ஓடிரும்."

"அப்ப விரட்டுது. ஒத்துக்கறீங்க." அவர் என்னைப் பார்த்துத் திருப்தியாகச் சிரித்தார். "முஜீப் ரஹ்மான், நீங்க லைசென்ஸ் ஹோல்டர், உங்களுக்குத் தெரியும். பூச்சியக் கொல்றது, விரட்டறது, கட்டுப்படுத்தறது, எதுவா இருந்தாலும் அது பூச்சிக்கொல்லி. பதிவு எங்க? லேபிள் எங்க?"

"சார், இது உப்பு" என்றேன்.

"பொருள் என்னங்கறது எங்களுக்கு முக்கியமில்ல. நோக்கம்தான் முக்கியம்."

"அடி உப்பு மட்டும்தான் சார் தென்னைக்குப் போவுது. மேல இருக்கறது சாப்பாட்டுக்கு" என்றார் அண்ணன்.

"ஒரே குவியல்தானே? அடில இருக்கறது விஷம்னா மேல இருக்கறது எப்படிங்க உப்பா இருக்கும்?"

அண்ணன் அம்பாரத்தை மேலும் கீழுமாகப் பார்த்தார். அவருக்கே சந்தேகம் வந்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அம்பாரம் முழுவதும் முடக்கப்பட்டது. விற்கக்கூடாது, நகர்த்தக்கூடாது, தொடக்கூடாது. ஆணையை ஒட்டப் பார்த்தார்கள். உப்பில் பசை பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு கழியை உச்சியில் நட்டு, ஆணையை பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதில் கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். தகரத்தைச் சாட்சியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வந்தவர்களைச் சும்மா அனுப்பத் தெரியாத ஆண்டாள் அண்ணி கேழ்வரகுக் கூழ் கரைத்துக் கொண்டுவந்தாள். புருஷோத்தமன் சார் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பை நீட்டினார்.

"கொஞ்சம் உப்பு போடும்மா."

அண்ணி சாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். "அதே அம்பாரத்து உப்புதாங்க சார்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. சொல்லாமல் போடக்கூடாதோ என்று பயந்து சொன்னாள்.

"பரவால்ல. குடிக்கறப்ப நோக்கம் வேற" என்று சொல்லிவிட்டு அவர் குடித்து முடித்தார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த வாசகம் எந்த விதிமுறையிலும் இல்லை.

*

முடக்கத்தை நீக்க ஒரே வழி உப்பைப் பூச்சிக்கொல்லியாகப் பதிவு செய்வது என்றார்கள். இனி தகரம் எழுதி வைக்க மாட்டேன், தென்னைக்குக் கொடுக்கவே மாட்டேன் என்று அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். நோக்கம் ஒருமுறை எழுத்தில் வந்துவிட்டால் திரும்பப் பெற முடியாதாம். மாவட்ட அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம்.

துணை இயக்குநர் சுலோசனா மேடம் அன்பானவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இந்த மாதிரி அதிகாரியிடம் கோபப்படவும் முடிவதில்லை, அதுதான் ஆளை இன்னும் சோர வைக்கிறது.

"பயப்படாதீங்க. எங்க பிரிவு இதுவரைக்கும் ஒரு விண்ணப்பத்தக் கூட நிராகரிச்சது கிடையாது. விண்ணப்பம் முழுமையா இருந்தாத்தானே நிராகரிக்க முடியும்?" என்று தொடங்கி, கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கணினியில் ஏற்றினார்.

"எலிக்குக் குடுத்துப் பாத்தீங்களா?"

"நாங்க இன்னாத்துக்குங்க குடுக்கணும்? அதுவே வந்து கருவாட்டத் தின்னுட்டுப் போவுது."

"நல்லது. நீண்டகால உட்கொள்ளல் ஆய்வு நடந்துக்கிட்டு இருக்குதுன்னு போட்டுக்கறேன். மீனுக்குப் பாதிப்பு உண்டா?"

அண்ணன் யோசித்தார். "மீனு அதுலதானேங்க இருக்குது."

"இருக்குதுங்கறது ஆய்வு இல்லீங்க. மாற்று மருந்து? யாராவது தவறுதலா சாப்பிட்டுட்டா என்ன குடுக்கணும்?"

"தண்ணி குடுக்கலாம்" என்றேன் நான்.

"தண்ணிக்குப் பதிவு இருக்குதா?"

மேடம் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போனார். அவர் தாண்டிப்போனதற்கு எனக்கு நன்றியாக இருந்தது. அந்த அறையில் உட்கார்ந்தால் எதற்கெல்லாம் நன்றி வருகிறது பாருங்கள்.

"நீங்க தயாரிப்பாளரா, இல்ல வேற யார்கிட்டயாவது மூலப்பொருள் வாங்கிப் பக்குவப்படுத்தறீங்களா?"

"கழிமுகத்துலேர்ந்து தண்ணி எறைக்கறோம். வெயிலு காய வெக்குது. நாங்க வாரறோம்."

"அப்ப தயாரிப்பாளர் நீங்க இல்ல. உற்பத்தியாளர் யாரு?"

"கடலுங்க."

மேடம் சிரிக்கவில்லை. கணினிப் பட்டியலில் இருந்த நிறுவனப் பெயர்களை எல்லாம் மேலும் கீழும் தேடினார். கடல் இல்லை. புதிதாகச் சேர்த்தார். உற்பத்தியாளர்: வங்காள விரிகுடா. முகவரி: கிழக்குக் கடற்கரைச் சாலை, மரக்காணம். கைபேசி எண் கட்டாயம் என்று கணினி அடம்பிடித்ததால் என் எண்ணைக் கொடுத்தோம். அன்றிலிருந்து இன்றுவரை வங்காள விரிகுடாவுக்கு வரவேண்டிய குறுஞ்செய்திகள் எனக்குத்தான் வருகின்றன.

"உற்பத்தியாளர்கிட்டேர்ந்து ஒரு சம்மதக் கடிதம் வேணும். அது வந்தா மத்தது நான் பாத்துக்கறேன்" என்று மேடம் எழுந்து நின்று வழியனுப்பினார்.

பஸ்ஸில் வரும்போது அண்ணன் ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். கிழக்கே லேசாகக் கறுத்திருந்தது.

"பாய், கீத்து மட்டும் போட்டுக்கறதுக்குக் கேட்டுப் பாக்கலாமா? விக்க வேணாம். மூடி வெச்சா போதும்."

*

கீற்றுக்குக் கேட்டோம். புருஷோத்தமன் சார் பொறுமையாக விளக்கினார்.

"சரக்கு மேல எத மூடினாலும் அது பேக்கிங். பேக்கிங்க மாத்தணும்னா தனி அனுமதி. கீத்து எந்தத் தரத்துல இருக்கணும், எத்தன மைக்ரான், அதுக்கெல்லாம் அளவு இருக்குது."

"மழ வந்தா கரைஞ்சிடும் சார்."

"அதுக்குத்தான் லேபிள். 'ஈரம் படாமல் வைக்கவும்'னு லேபிள்ல போட்டுட்டீங்கன்னா முடிஞ்சுது."

"லேபிள் இன்னும் பாஸ் ஆவலியே சார்" என்றேன்.

"அதான் சொல்றேன். பாஸ் ஆவற வரைக்கும் ஈரம் படலாம். விதிமீறல் கிடையாது."

சரி, லேபிளையாவது சீக்கிரம் முடிப்போம் என்று நான் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஒன்று தயாரித்தேன். சதுரத்தைச் சாய்த்து, கீழ்ப்பாதியில் நிறம், மேல் பாதியில் எச்சரிக்கை. புருஷோத்தமன் சார் கொடுத்த வாசகங்களை ஓர் எழுத்து மாற்றாமல் போட்டேன்: 'மனிதர் உட்கொள்ளக் கூடாது. உணவுப் பொருட்களுடன் சேர்த்து வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.' படிக்கிறவனுக்குத் தெரியட்டும் என்று எழுத்தைப் பெரிதாக வைத்தேன். அதுதான் நான் செய்த அறிவில்லாத காரியம்.

லேபிள் நுண்ணாய்வுக் குழு அதை நிராகரித்தது. நிராகரித்ததே இல்லை என்ற மேடத்தின் பெருமையையும் சேர்த்து உடைத்தேன். காரணம் கேட்கப் போனபோது புருஷோத்தமன் சார் தன் மேஜையில் இருந்த ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். அதைச் சுற்றி மடித்து மடித்து வைத்த ஒரு தாள், ஏகப்பட்ட மொழிகள், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

"இது லேபிள். நீங்க பண்ணது போஸ்டர்."

"இத எப்படி சார் படிக்கறது?"

"லேபிள் படிக்கறதுக்கு இல்ல முஜீப் ரஹ்மான். ஒட்டறதுக்கு. உங்க மாதிரி பெருசா போட்டா, இருக்கற கம்பெனிக்காரங்க எல்லாம் இன்னா நெனப்பாங்க? சனங்க படிச்சிட்டுப் பயந்துட்டா?"

நிராகரித்த லேபிளை அண்ணன் மடிக்காமல் சுருட்டிப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனார். அரசாங்க முத்திரை விழுந்த தாளைத் தூக்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை.

*

இதற்கு நடுவில் கலியபெருமாள் கதை நடந்தது. அனுமந்தைக்கு மேற்கே தோப்பு வைத்திருக்கிறவர். வருஷா வருஷம் அண்ணனிடம் அடி உப்பு வாங்குகிறவர், இந்த முறை முடக்கம் என்றதும் என் கடைக்கு வந்தார். மேல் தட்டிலிருந்து ஒன்று கொடுத்தேன். கையுறை போடுங்கள், காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள் என்று வாயால் சொன்னேன். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு என்று வீட்டில் போய் லேபிளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். கண்ணாடி போட்டும் தெரியவில்லை. கண் அளவாகக் கலந்து மரத்தில் ஏறிவிட்டார்.

இறங்கும்போது தலை சுற்றி விழுந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஓடினேன். டாக்டர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். கடைசியில் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கினார். முதலுதவி என்ற தலைப்பைக் கண்டுபிடித்து விரலால் நகர்த்தி நகர்த்தி வாசித்தார்.

"என்ன சார் போட்டிருக்குது?" என்றேன்.

"டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்குது" என்றார் டாக்டர்.

அல்லாஹ் புண்ணியத்தில் கலியபெருமாள் பிழைத்துக்கொண்டார். பார்வை மட்டும் இன்னும் மங்கல்தான். இனி எந்த லேபிளையும் அவரால் படிக்க முடியாது; முன்பும் முடியவில்லை என்பதால் பதிவேட்டின்படி மாற்றம் ஒன்றுமில்லை. விசாரிக்க வந்த புருஷோத்தமன் சார் பாட்டிலைப் பார்த்தார். லேபிள் ஒட்டியிருந்தது. எல்லாம் முறைப்படி இருப்பதாக எழுதிக்கொண்டு டீ குடித்துவிட்டுப் போனார். அந்த டீக்குக் காசு கொடுத்தது நான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

*

ஐப்பசி பிறந்ததும் மழை வந்தது. சாயங்காலம் கடலுக்குள்ளிருந்து திரண்டு ஒரே அடியாக இறங்கியது. கடையை அப்படியே போட்டுவிட்டு உப்பளத்துக்கு வண்டியை விட்டேன்.

கீற்றுக்கட்டுகள் எல்லாம் தயாராக அம்பாரத்துக்குப் பக்கத்தில் கிடந்தன. அண்ணனும் அண்ணியும் அவற்றின் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"போடுண்ணே! எவன் பாக்கப் போறான்?" என்று கத்தினேன்.

"சீல் இருக்குது பாய். தொட்டா உள்ள வெச்சிருவேன்னு சொல்லிட்டாரு. நான் உள்ள போயிட்டா தைக்குப் பாத்தி யாரு கட்டறது?"

"கரையுதேண்ணே."

"தெரியுது பாய்."

அவ்வளவுதான் சொன்னார். நான் ஒரு கீற்றைத் தூக்கினேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் தம்பி. உனக்கும் லைசென்ஸ் பூடும்" என்றாள். கரைந்துகொண்டிருப்பது அவள் வருஷம். அவள் கவலைப்பட்டது என் உரிமத்துக்கு. எனக்கு அழுகை வந்தது. வருத்தத்தில் இல்லை, கோபத்தில். மழையில் யாருக்கும் தெரியாது என்று அழுதேன்.

வெள்ளை ஓரங்கள் முதலில் மொழுக்கென்று ஆயின. பிறகு உச்சி இறங்கியது. உப்புத் தண்ணீர் கால்வாயில் விழுந்து, கால்வாய் கழிமுகத்துக்குப் போய், கழிமுகம் கடலுக்குப் போயிற்று. மழை விட்டபோது பழுப்பாக ஒரு சேற்று மேடும், அதில் சாய்ந்து நின்ற கழியும் இருந்தன. பிளாஸ்டிக் உறைக்குள் ஆணை ஒரு பொட்டு நனையாமல் இருந்தது.

*

தண்ணீர் வடிந்த பிறகு அவர்கள் ஆய்வுக்கு வந்தார்கள். இந்த முறை சுலோசனா மேடமும் கூட.

முடக்கிய சரக்கைக் காணவில்லை என்றதும் புருஷோத்தமன் சார் முகம் வெளுத்தது. சரக்கு அவர் பொறுப்பில் இருந்தது. அவர் அண்ணனைப் பார்த்தார், கால்வாயைப் பார்த்தார். பதிவில்லாத பூச்சிக்கொல்லியை நீர்நிலையில் கலந்த குற்றம் என்று ஒன்று இருப்பதாக முணுமுணுத்தார். அண்ணன் கை கட்டி நின்றார். மேடம்தான் கோப்பைப் புரட்டிப் புரட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"பதிவு ஆகாத சரக்க என்ன செய்யணும்னு விதி சொல்லுது, புருஷோத்தமன்?"

"உற்பத்தியாளர்கிட்டயே திருப்பி அனுப்பணும் மேடம்."

"இங்க உற்பத்தியாளர் யாரு?"

அவர் எட்டிப் படித்தார். படிக்கப் படிக்க முகத்தில் ரத்தம் திரும்பியது. "வங்காள விரிகுடா, மேடம்."

"போய்ச் சேந்துதா?"

"முழுசா போய்ச் சேந்துடுச்சு மேடம்."

மேடம் பேனாவை மூடினார். "தனகோடி, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ரொம்ப நல்லா ஒத்துழைச்சிருக்கீங்க. கோப்ப முடிச்சிடறோம். எங்க பிரிவுல இவ்வளவு சுத்தமா முடிஞ்ச கோப்பு வேற கிடையாது."

அண்ணன் கையெழுத்துப் போட்டார். அவர் ஏதாவது கேட்பார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "தகரத்தத் திருப்பிக் குடுப்பீங்களாங்க? கூரை ஒழுவுது" என்று மட்டும் கேட்டார். அது சாட்சியமாம்; விண்ணப்பம் போடச் சொன்னார்கள்.

வேலை முடிந்த நிம்மதியில் எல்லாரும் அண்ணன் வீட்டு வாசல் நிழலில் உட்கார்ந்தார்கள். அண்ணி கூழ் கொண்டுவந்தாள். மேடம் பசியில்லை என்றார். புருஷோத்தமன் சார் ஒரு வாய் குடித்துவிட்டுச் சொம்பை நீட்டினார்.

"கொஞ்சம் உப்பு போடும்மா."

அண்ணி உள்ளே போய்ச் சாடியை எடுத்துவந்தாள். மூடியைத் திறக்கவில்லை. அவர் முன்னால் வைத்து, மெதுவாக அவர் பக்கம் திருப்பினாள். நான் ஜெராக்ஸ் கடையில் அடித்த லேபிளைச் சாடியைச் சுற்றிச் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தாள். எழுத்து பெரிது. நிழலிலும் பளிச்சென்று தெரிந்தது.

"நீங்க சொல்லி எழுதினதுதாங்க சார்" என்றாள். "படிச்சிட்டுச் சொல்லுங்க. போடட்டுமா?"

புருஷோத்தமன் சார் படித்தார். மேலிருந்து கீழ்வரை, உதடு அசைய, ஒரு வரி விடாமல் படித்தார். என் கடை வாழ்க்கையில் ஒரு லேபிளை முழுசாகப் படித்த அதிகாரி அவர் ஒருவர்தான்.

பிறகு சொம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கூழை உப்பில்லாமலே குடித்து முடித்தார்.